குர்ஷித் பேகம் எடுத்த படம்

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷத்தில் சர்தார் செங்கம் சாலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ திறந்தார். யோசித்துச் செய்த காரியம்தான். மாவட்டம் என்றால் கலெக்டர் வருவார். கலெக்டர் வந்தால் அவர் பின்னால் நாற்பது ஆபீஸ் வரும். ஆபீஸ் வந்தால் விண்ணப்பம் வரும். எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் மேலே வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ‘புகைப்படம் ஒட்டவும்’ என்று அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தை நம்பித்தான் 1989இல் ரமணாசிரமம் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடையைப் பிடித்தார். கட்டம் அவரைக் கைவிடவில்லை.

அவர் எதிர்பாராதது அவருடைய மனைவியை.

குர்ஷித் பேகத்துக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போக வந்தவர், ஒரு நாள் டார்க் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். படம் கழுவும் மருந்து பட்டால் சர்தாருக்கு விரல் இடுக்கெல்லாம் அரிக்கும். ஒரு கையால் படத்தை அலசிக்கொண்டு இன்னொரு கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். “தள்ளுங்க, நான் அலசறேன்” என்று உள்ளே போன குர்ஷித் அப்புறம் வெளியே வரவில்லை. ஒரு வருஷத்தில் பிரிண்ட் போடுவது, நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பது எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. அடுத்த வருஷம் கேமராவும் வந்தது. பெண்களுக்கு, முகவாயைப் பிடித்துத் திருப்பி வைப்பவர் ஒரு பெண்ணாக இருப்பது சௌகரியமாக இருந்தது. சர்தார் கல்யாணம், காதுகுத்து என்று வெளிவேலைக்குப் போக ஆரம்பித்தார். கடைக்குள் குர்ஷித் வைத்ததுதான் சட்டம்.

ஆனால் எல்லாப் படத்தின் முதுகிலும் ‘சர்தார் ஸ்டுடியோ’ என்ற ரப்பர் ஸ்டாம்ப்தான் விழுந்தது. “சர்தார் பாய் கையில என்னமோ இருக்குப்பா. என் பொண்ணை இவ்ளோ லட்சணமா நானே பார்த்ததில்ல” என்று யாராவது சொல்வார்கள். சர்தார் அதை ஏற்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். “எல்லாம் மேல இருக்கறவன் செயல்” என்று கூரையைக் காட்டுவார்.

“மேல இல்ல, உள்ள இருக்கறவ செயல்” என்று டார்க் ரூமிலிருந்து குரல் வரும்.

1994 மே மாதம் ஒரு முற்பகலில் பாஞ்சாலை ஸ்டுடியோ படியேறினார். அடி அண்ணாமலையில் நான்கு எருமையும் இரண்டு பசுவும் வைத்திருந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. பால் சங்கத்தில் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கப் போட்டோ கேட்டிருந்தார்கள். பாஞ்சாலையைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாய் ஓயாது. கிரிவலப் பாதையில் அவர் வந்தால் முதலில் குரல் வரும், அப்புறம் பால் கேன் இடிபடும் சத்தம் வரும், அதற்கப்புறம்தான் ஆள் தெரியும்.

அன்றும், கன்றை ஒட்டவிடாமல் உதைக்கும் ஓர் எருமையின் கதையைச் சொல்லிக்கொண்டேதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். குர்ஷித் விளக்கைப் போடப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

“வந்துடும்க்கா. கொஞ்சம் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு முன்கதவைத் திறந்து வைத்தார். எதிர்ச்சுவரில் பட்ட வெயில், கதவுத் திரையாகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டி வழியாக மெத்தென்று உள்ளே வந்தது. குர்ஷித் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி முடித்தபோது கடைக்குள் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. பேச்சுச் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், பாஞ்சாலை சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு எழுந்து பால் கறந்த உடம்பு. தலையில் முந்தானை, மடியில் காலி கேன், கேனின்மேல் இரண்டு கைகள். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அந்த வேட்டி வெளிச்சம்.

குர்ஷித் அதுவரை கேட்டவர்களுக்காக மட்டுமே படம் எடுத்தவர். ஃபிலிம் என்ன விலை விற்கிறது என்பதைச் சர்தார் வாரம் ஒருமுறை நினைவுபடுத்துவார். அன்றைக்கு யாரும் கேட்காமல், தனக்காக ஒன்று எடுத்தார். கேமராவின் ‘க்ளிக்’ சத்தத்தில் பாஞ்சாலை விழித்துக்கொண்டு, “இன்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம புடிக்கிறே” என்று ஆரம்பிக்கவும், பதற்றத்தில் விரல் பட்டு இரண்டாவது விழுந்தது. கரண்ட் வந்த பிறகு எடுத்த மூன்றாவதுதான் அட்டைக்குப் போனது. அதில் பாஞ்சாலை திருடனை நேருக்கு நேர் பார்த்தவர்போல் கண்ணை விரித்துக்கொண்டிருந்தார்.

குர்ஷித் முதல் படத்தைப் பெரிதாகப் போட்டார். கேனை விட்டுவிட்டு முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி. கன்னத்து மருவை மறைக்கப் பென்சிலை எடுத்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். ஷோகேஸில் கல்யாண ஜோடிகளுக்கும் பிறந்தநாள் குழந்தைகளுக்கும் நடுவே அந்தப் படம் போய் உட்கார்ந்தது.

அட்டைப் படத்தை வாங்க வந்த பாஞ்சாலை அதைப் பார்த்தார். “கண்ணு முழிச்சினு கீறதை வெக்கக்கூடாதா? இதுல போய்ச் சேர்ந்தவ மாதிரி கீறேன்.”

“இதுலதான்க்கா அழகா இருக்கீங்க.”

“யாரு, நானா?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார் பாஞ்சாலை. விஷயம் அத்தோடு முடிந்தது என்று குர்ஷித் நினைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், வெர்னர் என்ற ஜெர்மன்காரர் ஷோகேஸுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்தப் படம் வேண்டும் என்றார். கடையில் அப்போது சர்தார்தான் இருந்தார். ஒரு பிரதியை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஜெர்மனி வரைக்கும் தன் புகழ் போகிறது என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். பாஞ்சாலையின் மேல் ஷோகேஸ் தூசி படிந்தது. 2002 வந்தது.

அந்த பிப்ரவரியில் ஹாலந்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கையில் ஒரு தாளுடன் ஸ்டுடியோவுக்குள் வந்தார். கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாள். நடுவில் பாஞ்சாலை தூங்கிக்கொண்டிருந்தார்.

“இந்தத் தாய் எங்கே இருக்கிறார்?” என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். ஷோகேஸில் அதே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

குர்ஷித்துக்கு ஆங்கிலம் ‘சின் டவுன்’, ‘ரெடி’, ‘டுமாரோ கம்’ என்ற அளவுக்குத்தான். தாளை வாங்கிப் பார்த்தார். கன்னத்தில் மரு. ஒரு பக்கத்தில் மட்டும் வேட்டி வெளிச்சம். அவர் டார்க் ரூமில் மற்ற இடத்தையெல்லாம் கையால் மறைத்து மறைத்து இருட்டாக்கிய இடது ஓரம். எதிலும் சந்தேகமில்லை.

“மில்க்” என்றார் குர்ஷித், அடி அண்ணாமலைப் பக்கம் கையைக் காட்டி. “ஷி மில்க்.”

அந்த அம்மாள் கண்ணை மூடி, “மில்க்” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பெரிய உண்மை ஒன்றைக் கேட்டவர்போல் இருந்தது முகம். கும்பிட்டுவிட்டு, அடி அண்ணாமலை போகும் ஆட்டோவில் ஏறினார். தாளை விட்டுவிட்டுப் போனார்.

தாளின் அடியில் ஒரு இணையதள முகவரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் நான்கு கடை தள்ளியிருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனார்கள். அங்கே கல்லாவில் இருந்தவர் கோதண்டராமன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுவிட்டுப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட, அப்பா வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அவருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அதுவும் ஓர் ஆபீஸ்தான், கேட்டதை உடனே தராது, மறுபடி மறுபடி கேட்க வேண்டும் என்று சொல்வார்.

அன்றும் அப்படித்தான். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் முந்தானை வந்தது. நெற்றி வந்தது. புருவத்தோடு நின்றுவிட்டது. மூவரும் காத்திருந்தார்கள். மூடிய கண் வந்தது. மூக்கு வர ஐந்து நிமிஷம் ஆனது. கடைசியாக, படத்துக்கு அடியில், எழுத்து வந்தது.

கோதண்டராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, தமிழில் சொன்னார். “‘அருணாசல மலையின் மௌனத் தாய். 1996ஆம் ஆண்டு ஒரு விடியலில் மலைப்பாதையில் இவரைச் சந்தித்தேன். பல வருடங்களாகப் பேசாதவர். ஒருமுறை மட்டும் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்போது எடுத்த படம் இது. புகைப்படமும் உரிமையும்: வெர்னர்.’ அப்புறம், போஸ்ட்கார்டு, காலண்டர் எல்லாம் கிடைக்குமாம்.”

“யாரு பேசாதவங்க?” என்றார் குர்ஷித். “பாஞ்சாலக்காவா?”

சர்தாருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “விடு குர்ஷித். நம்ம படம் உலகம் பூரா தெரியுது. சந்தோஷப்படு.”

“நம்ம படம்னு யாருக்குத் தெரியுது?”

சர்தார் சிரிப்பை நிறுத்தினார். அவர் மனைவி கோபத்தில் சத்தம் போடுகிறவர் இல்லை. குரல் கம்மியாகும். இப்போது ரொம்பக் கம்மியாகியிருந்தது.

“கண்ணைத் தொறந்தப்போ எடுத்தாராம்” என்றார் குர்ஷித், திரையைக் காட்டி. “படத்துல கண்ணு மூடியிருக்கு. எழுதறப்போ அதைக்கூடப் பாக்கலையா அவரு? சார், இவருக்கு ஒரு லெட்டர் போடணும். எழுதித் தருவீங்களா?”

கோதண்டராமன் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் அவரிடம் யாரும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த முதல் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போனாலும், ஆத்மா கலெக்டர் ஆபீஸுடையது. ‘பொருள்: புகைப்படம் – திருமதி பாஞ்சாலை, அடி அண்ணாமலை – அனுமதியின்றி இணையத்தில் வெளியிட்டது – நீக்கக் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் இணையதளம், பக்கம் மூன்று.’ கீழே நகல் அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் ஜெர்மன் தூதரகத்தையும் மாவட்ட ஆட்சித் தலைவரையும் சேர்த்திருந்தார். குர்ஷித் கெஞ்சி அந்த இரண்டையும் எடுக்க வைத்தார். நஷ்டஈடு என்று ஒரு வரி சேர்க்கலாமே என்றதற்கு, “முதல்ல பேரு சார். மத்ததெல்லாம் அப்புறம்” என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கோதண்டராமனே கடைக்கு வந்து படித்துக் காட்டினார். ‘அன்பு நண்பர்களே, உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. அந்த மலையின் ஒளியில் என்னுடையது, உன்னுடையது என்று எதுவும் இல்லை. உண்மையான படத்தை எடுப்பவர் என்று யாரும் கிடையாது. அது தானாக நிகழ்கிறது. சாந்தி நிலவட்டும்.’

“நல்லாத்தான் எழுதியிருக்காரு” என்றார் சர்தார்.

குர்ஷித் ஒரு பாஸ்போர்ட் படத்தின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல், “எடுத்தவர்னு யாரும் கிடையாதுன்னா கீழ அவர் பேரு எதுக்கு? அதை மட்டும் கேளுங்க சார்” என்றார்.

கோதண்டராமன் அதைப் பொருள், பார்வை எதுவும் போடாமல் ஒரே வரியாக எழுதி அனுப்பினார். தன் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் வரவில்லை.

இதற்குள் அடி அண்ணாமலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஹாலந்து அம்மாள் பாஞ்சாலையைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் சொல்லி இன்னும் நான்கு பேர் வந்தார்கள். மாட்டுக்கொட்டகைக்கு எதிரே பாய் விரித்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். பாஞ்சாலை ஒருநாள் நேராக ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

“இன்னா பாயம்மா, இன்னாத்த செஞ்சு வெச்சிருக்கே? காத்தால அஞ்சு மணிக்கே வந்து உக்காந்துக்கறாங்க. நான் சாணி அள்ளறதை அப்படியே பாக்கறாங்க. எரும கழுவறதைப் பாக்கறாங்க. அதுல ஒருத்தன் அழுவறான். எரும மிரளுது, பால் கம்மியாயிடுச்சு. நான் பேசினா எல்லாரும் கன்னத்துல கைய வெச்சுக்கினு கேக்கறாங்க. ஒரு எழவும் புரியல அவங்களுக்கு. நேத்து அவங்களைப் புல்லு அறுத்துனு வரச் சொன்னேன். போய் அறுத்துனு வந்தாங்க. அது மட்டும் தேவல.”

குர்ஷித் நடந்ததை எல்லாம் சொன்னார். பாஞ்சாலை தாளை வாங்கி, தன் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“பேசவே மாட்டேன்னா எழுதியிருக்கான்?”

“ஆமாக்கா.”

“எவன் அவன்?” என்று கேட்டார் பாஞ்சாலை. எருமை மிரண்டதைவிட அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

கோதண்டராமன் அடுத்த யோசனையோடு வந்தார். ஒரு இணையதளம் என்றால் அதற்கு இடம் வாடகைக்கு விட்ட கம்பெனி ஒன்று இருக்கும். குடியிருக்கிறவர் கேட்கவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு எழுத வேண்டியதுதான். அந்தக் கம்பெனியின் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது. படம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள், மூல நெகட்டிவ் இருந்தால் நல்லது என்று.

குர்ஷித்திடம் நெகட்டிவ் இல்லாமலா? பிஸ்கட் டின்களில் வருஷவாரியாக, பட்டர் பேப்பர் உறைகளில் போட்டு வைத்திருந்தார். தொண்ணூற்று நாலு மே மாதத்தை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான்கு கட்டங்கள். முதலில் ஒரு தலைமை ஆசிரியர். அடுத்து மடியில் கேனுடன் தூங்கும் பாஞ்சாலை. அடுத்து வாய் திறந்து திட்டும் பாஞ்சாலை. அடுத்து விழி பிதுங்கிய பாஞ்சாலை.

“முடிஞ்சுது” என்றார் சர்தார். “இதைப் பார்த்துட்டு எவன் மலைப்பாதைம்பான்? கேன் மேல சங்கத்து நம்பரே தெரியுது. கொடு, ஸ்கேன் பண்ணிட்டு வந்துடறேன்.”

குர்ஷித் கொடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா யோசனை?”

“இதை அனுப்பினா அக்கா தூங்கறது, திட்டறது எல்லாம் வெளிநாட்டுக்காரங்க கைக்குப் போகும். அக்காவைக் கேக்க வேணாமா?”

“கேட்டா போச்சு.”

“அதில்லீங்க. முதல்ல ஷோகேஸ்ல வெச்சப்பவே நான் கேக்கல. எடுத்தப்பவும் கேக்கல. அந்தாளு என்னைக் கேக்கலைன்னு ரெண்டு மாசமா குதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

மறுநாள் காலை ஸ்கூட்டரில் சர்தாரே மனைவியை அடி அண்ணாமலைக்குக் கூட்டிப் போனார்.

கொட்டகைக்கு எதிரே மூன்று பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலை அவர்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வாளியோடு போய்வந்தார். குர்ஷித் நெகட்டிவிலிருந்து போட்ட மூன்று படங்களைக் கொடுத்துவிட்டு, தான் சொல்ல வந்ததைச் சொன்னார். அன்றைக்குக் கேட்காமல் எடுத்தது தப்பு என்றார். கேட்காமல் கடை வாசலில் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றார். இப்போது வேண்டாமென்றால் இதோடு எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

பாஞ்சாலை வாளியைக் கீழே வைத்தார். திட்டுகிற படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதான் நானு. இதை வெச்சிருந்தா ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்.” பிறகு தூங்குகிற படத்தைக் கையில் எடுத்தார். “இதுல கேன் கீதே. கடையில வெச்சதுல இல்லையே, ஏன்?”

“அழகுக்காக வெட்டிட்டேன்க்கா.”

“கேன் இருந்தா பால் ஊத்தற பொம்பளை தூங்கறான்னு எவனுக்கும் தெரியும். நீ கேனை எடுத்துட்டே. அவன் சாமியாக்கிட்டான்.”

எட்டு வருஷமாக அந்தப் படத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் குர்ஷித்.

“அனுப்பு” என்றார் பாஞ்சாலை. “ஆனா என் பேரைப் போடணும். தாயி கீயின்னெல்லாம் வேணாம். பாஞ்சாலை, அடி அண்ணாமலை. தூங்கறான்னும் எழுதணும். மூணு மணிக்கு எழுந்தவ தூங்குவா, அதுல இன்னா வெக்கம்? ஊமைன்னு எழுதினாம் பாரு, அதை முதல்ல எடுக்கச் சொல்லு.”

படங்கள் போயின. நான்காம் நாள் அந்தப் பக்கம் மறைந்தது. கோதண்டராமன் வெற்றியோடு அழைத்தார். குர்ஷித் போய்ப் பார்த்தார். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. இதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தது. ஆனால் அந்த வெறும் பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போல் இருந்தது. யாரோ எங்கேயோ தினம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகத்தைத் தானே அழித்துவிட்டது மாதிரி.

பத்து நாள் கழித்து வெர்னரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த முறை ஒளி, சாந்தி எதுவும் இல்லை. ‘நண்பர்களே, அந்தப் படத்தை உங்கள் கடையில்தான் வாங்கினேன். என் மனைவி இறந்த வருடம் அது. வீட்டில் மாட்டிவைத்து ஐந்து வருடம் தினமும் காலையில் பார்த்தேன். எப்போது நானே எடுத்ததாக எழுத ஆரம்பித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. எழுதியது பொய். மன்னிக்க வேண்டும். நீங்கள் ஆதாரமாக அனுப்பிய படங்களைக் கம்பெனி எனக்கும் அனுப்பியது. அந்தக் கேன் உள்ள படம் இன்னும் நன்றாக இருக்கிறது. அனுமதித்தால், உண்மையான விவரத்தோடு அதை வெளியிடுகிறேன். எடுத்தவர் பெயரை எப்படிப் போட வேண்டும்?’

கோதண்டராமன் கடைசி வரியை இரண்டுமுறை படித்தார். விரல்கள் விசைப்பலகையின் மேல் தயாராக இருந்தன. “பாய், சொல்லுங்க. சர்தார் ஸ்டுடியோன்னே போட்டுடலாமா?”

சர்தார் வழக்கம்போல் கூரையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பதிமூன்று வருஷத்துப் பாராட்டெல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தவர்போல் காது சிவந்தது.

“ஸ்டுடியோ எங்க சார் படம் புடிக்கும்? அது கட்டடம்” என்றார். “குர்ஷித் பேகம்னு போடுங்க.”

அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முதலில் ‘படம்: திரு. குர்ஷித்’ என்று வந்தது. அவர் பெண் என்று எழுதினார்கள். ‘திருமதி குருஷ் பேகன்’ என்று வந்தது. கோதண்டராமன் ஒவ்வோர் எழுத்தாக, நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதி அனுப்பினார். அந்தக் கோடுகளோடு சேர்த்து வெர்னர் அப்படியே போட்டுவிட்டார். ஐந்தாவது மின்னஞ்சலில்தான் சரியானது. ‘பால் கறந்துவிட்டு வந்து தூங்கும் பாஞ்சாலை, அடி அண்ணாமலை, 1994. படம்: குர்ஷித் பேகம்.’ சர்தார் அதை அச்செடுத்து பிரேம் போட்டுக் கடையில் மாட்டினார். படத்தைவிட எழுத்து பெரிதாகத் தெரிகிற மாதிரி.

கொட்டகைக்கு எதிரே உட்காருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். ஹாலந்து அம்மாள் மட்டும் உண்மை தெரிந்த பிறகும் வந்தார். அவருக்குப் பால் பிடித்துப் போயிருந்தது. தினம் அரை லிட்டர்.

மற்றபடி உலகம் ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. அடுத்த சில வருஷங்களில் பாஞ்சாலை இன்னும் மூன்று தளங்களில் தூங்கினார். ஒன்றில் நேபாளத்துப் பாட்டியாக, இன்னொன்றில் தூக்க மாத்திரை விளம்பரத்தில். கோதண்டராமன் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து வைத்திருந்தார். பேரை மாற்றி அனுப்ப வேண்டியதுதான். மூன்று பேருக்கு அனுப்பினார்கள். ஒருவர் எடுத்தார், ஒருவர் பேர் போட்டார், மாத்திரைக்காரர் பதிலே போடவில்லை. பாஞ்சாலைக்கு மாத்திரை விஷயத்தில் மட்டும் தீராத கோபம். “மாத்திரை போட்டா நான் தூங்கறேன்? மாடு மேய்ச்சுட்டுத் தூங்கறேன்” என்பார்.

குர்ஷித்திடம் ஒரு மாற்றம் வந்தது. 2005இல் டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு ஃபிலிம் செலவு என்று யாரும் முகம் சுருக்க வழியில்லை. அவர் தூங்குகிறவர்களை எடுக்க ஆரம்பித்தார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் பையைக் கட்டிக்கொண்டு தூங்கும் கண்டக்டர், கிரிவலம் முடித்துச் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்த குடும்பம், வேங்கிக்கால் ஆபீஸ் வராந்தாவில் மனுவைப் பிடித்தபடி கண்ணயர்ந்த பெரியவர். எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருப்பார். விழித்ததும் கேமராவின் பின்புறத்தைக் காட்டி, “இது நான் எடுத்தது. வெச்சுக்கட்டுமா, அழிச்சுடட்டுமா?” என்று கேட்பார். பாதிப்பேர் அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்தார். அதில் சில ரொம்ப நல்ல படங்கள். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதைப் பற்றியே பேசுவார். வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்வார்.

பாஞ்சாலையின் படத்தோடு சேர்த்து அப்படி முப்பத்தெட்டுப் படங்களை 2008இல் சென்னையில் ஒரு சிறிய கூடத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். பாஞ்சாலை புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் மாலை வரை பேசினார்.

முப்பத்தொன்பதாவதாக ஒரு படம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக்குப் பிறகு, கடை நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் சர்தார். அவரிடமும் முறைப்படி கேட்டாயிற்று. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.